யாருக்கு, எப்போது தெரிந்தது? கோதிக் அரக்கக் கதைகளில் தார்மீகப் பொறுப்பை ஆராய்ந்து எழுத ஒரு கையேடு

'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலைப் பற்றிய பல கட்டுரைகள் ஒரே முடிவில் போய் நிற்கும்: உண்மையான அரக்கன் படைத்தவனான விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன்தான், அவனால் படைக்கப்பட்ட பெயரற்ற உயிர் இல்லை. தவறான முடிவு என்று சொல்ல முடியாது. ஆனால் நாவலைத் திறந்தே பார்க்காத ஒருவரும் அதை எழுதிவிடலாம். குற்றமற்ற வேலைக்காரப் பெண் ஜஸ்டின் ஏன் தூக்கிலேறினாள், திருமண இரவில் விக்டரின் மணமகள் எலிசபெத் ஏன் அறையில் தனியாக இருந்தாள் என்று கேட்டால் அந்த முடிவிடம் பதில் கிடையாது.

இங்கே சொல்லப்படும் முறை வேறு. கதையில் நிகழும் ஒவ்வொரு சாவிலிருந்தும் பின்னோக்கி நடந்து, அது நடக்கும் என்று யாருக்குத் தெரிந்தது, எப்போது தெரிந்தது, யாரிடம் சொன்னார்கள் என்று கணக்கெடுக்க வேண்டும். கோதிக் என்று அழைக்கப்படும் திகிலும் மர்மமும் கலந்த வகையில் மூன்று நாவல்களுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது: மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' (1818), ஆர். எல். ஸ்டீவன்சனின் 'டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்' (1886), பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897). கட்டுரை எழுதுபவர்களுக்கும் வாசிப்புக் குழுவில் விவாதத்தை நடத்துபவர்களுக்கும் இந்த முறை உதவும்.

மூன்றையும் ஒரே மூச்சில் எடுக்க வேண்டாம். முதல் நாவல் ஏறக்குறைய 75,000 சொற்கள். ஸ்டீவன்சனுடையது அதில் மூன்றில் ஒரு பங்குதான், ஒரே மாலையில் முடித்துவிடலாம். 'டிராகுலா' 1,60,000 சொற்களைத் தொடும். இந்த முறைக்குப் புதியவர் ஸ்டீவன்சனில் தொடங்குவது வசதி. ஆனால் விஷயம் செறிவாக இருப்பது மேரி ஷெல்லியிடம்தான். அதனால் இங்கேயும் அவருக்கே அதிக இடம்.

முதலில் பதிப்பைப் பாருங்கள்

'ஃபிராங்கன்ஸ்டைன்' 1818 ஜனவரியில் ஆசிரியர் பெயரின்றி மூன்று தொகுதிகளாக 500 பிரதிகள் அச்சானது. 1831இல் மேரி ஷெல்லி அதைத் திருத்தி, புதிய முன்னுரையோடு ஒரே தொகுதியாக வெளியிட்டார். இன்று கடைகளிலும் இணையத்திலும் இரண்டும் கலந்து கிடக்கின்றன. அட்டையில் 1818 என்று போட்டுவிட்டு உள்ளே 1831 பாடத்தை வைத்திருக்கும் கோப்புகளும் உண்டு. கண்டுபிடிக்க இரண்டு வழிகள். அத்தியாயங்கள் 1 முதல் 24 வரை தொடர்ச்சியாக ஓடினால் அது 1831. மூன்று தொகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினால் 1818. எலிசபெத் விக்டரின் அத்தை மகளாக வந்தால் 1818; தத்தெடுத்த அநாதையாக வந்தால் 1831.

இது வெறும் நூலகத் தகராறு என்று தள்ளிவிடாதீர்கள். பொறுப்பைப் பற்றி எழுதுபவருக்கு இரண்டு பாடங்களும் இரண்டு வழக்குகள். 1831 பதிப்பின் இரண்டாம் அத்தியாய முடிவில், விதி மிக வலியது, தன் அழிவை அது முன்பே தீர்மானித்துவிட்டது என்று விக்டர் சொல்கிறான். 1818இல் அந்த வரி இல்லை. அங்கே அவன் செய்ததெல்லாம் அவன் தேர்ந்து செய்தவை. 1831 பாடத்தை வைத்துக்கொண்டு 'விதியின் கைப்பாவை' என்று எழுதுபவர், குற்றவாளியின் வாக்குமூலத்தையே தீர்ப்பாக எழுதிவிடுகிறார். எங்கள் பரிந்துரை: 1818ஐ அடிப்படையாக வைத்துக்கொண்டு, விதி என்ற பேச்சு வரும் இடங்களை மட்டும் 1831இல் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தக் கையேட்டில் வரும் அத்தியாய எண்கள் மட்டும் 1831 பதிப்பின்படி, ஏனென்றால் பலர் கையில் இருப்பது அதுதான்.

சுருக்கப் பதிப்பு எதுவும் வேண்டாம். வெட்டும்போது முதலில் போவது விக்டரின் கதையைக் கேட்டு எழுதும் வால்டன் என்ற துருவப் பயணக் கப்பல் தலைவனின் கடிதங்கள். அவை இல்லாவிட்டால் பாதி சாட்சியம் போயிற்று.

அட்டவணை போடுவது

ஒரு தாளில் மேலிருந்து கீழாக ஐந்து பத்திகள் கீறுங்கள்: என்ன தெரிந்தது, எப்போது தெரிந்தது, அந்த நேரத்தில் என்ன செய்திருக்க முடியும், யாரிடம் சொன்னார், சொல்லாவிட்டால் அதற்கு அவரே கூறும் காரணம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித் தாள். ஒவ்வொரு வரிக்கும் அத்தியாய எண் கட்டாயம். கோழை, கொடியவன், பாவம் போன்ற சொற்கள் தாளில் வரக்கூடாது. அவை வந்துவிட்டால் அடுத்த வரியை நிரப்பும் ஆர்வம் போய்விடும்.

மூன்றாம் பத்திதான் தடுக்கும். கதையின் முடிவு நமக்குத் தெரியும். பாத்திரத்துக்கு அன்று தெரியாது. எனவே அந்த நிமிடத்தில் அவருக்குத் தெரிந்ததை வைத்து மட்டுமே 'செய்திருக்க முடியும்' என்று எழுத வேண்டும். படைப்பு கொலை செய்யும் என்று நவம்பர் இரவில் விக்டருக்குத் தெரியாது. எட்டடி உயரமுள்ள, பேசத் தெரியாத, போக்கிடமில்லாத ஓர் உயிர் தன் வீட்டில் நிற்கிறது என்பது தெரியும். அன்றைய பொறுப்பு அவ்வளவுதான், ஆனால் அதுவே கொஞ்சமில்லை.

விக்டரின் தாள்

ஐந்தாம் அத்தியாயத்தில் படைப்பு கண் திறக்கிறது. மின்னல் இல்லை, ஆய்வகத்து எந்திரங்கள் இல்லை. அவையெல்லாம் திரைப்படம் தந்தவை. அணையப்போகும் மெழுகுவத்தியும் மழையும்தான் உண்டு. விக்டர் ஓடிப்போய்ப் படுக்கிறான். விழித்துப் பார்த்தால் படுக்கைத் திரையை விலக்கிக்கொண்டு அது நிற்கிறது, ஒரு கையை நீட்டுகிறது. மறுபடி ஓடுகிறான். மறுநாள் நண்பன் கிளெர்வல் வருகிறான். அறைக்குப் போய்ப் பார்த்தால் படைப்பு இல்லை. விக்டர் மகிழ்ச்சியில் கை தட்டுகிறான். இந்தக் கைதட்டலை அடிக்கோடிடுங்கள். பயந்து ஓடியதை மன்னிக்கலாம். எங்கே போயிற்று என்று தேடாமல் நிம்மதி அடைந்ததுதான் தாளின் முதல் கனமான வரி. பிறகு அவன் பல மாதம் நோயில் கிடக்கிறான். அந்த மாதங்களை அவன் கணக்கில் எழுத வேண்டாம். குணமான பிறகு வந்த மாதங்களை எழுதுங்கள்; அவற்றில் தேடல் என்று ஒன்றுமே கிடையாது.

மே மாதம் தம்பி வில்லியம் கொல்லப்படுகிறான். ஜெனீவாவுக்குத் திரும்பும் இரவில், மின்னல் வெளிச்சத்தில் விக்டர் படைப்பைப் பார்க்கிறான். கொலைகாரன் யார் என்று அக்கணமே முடிவு செய்கிறான். விடியற்காலை ஐந்து மணி வாக்கில் வீடு சேர்கிறான். அன்று பதினொரு மணிக்கு அந்தக் கொலைக்காக ஜஸ்டினின் விசாரணை. இடையில் ஆறு மணி நேரம் இருந்தது. அவன் கூறும் காரணம்: சொன்னால் காய்ச்சலில் உளறுகிறான் என்பார்கள்; நம்பினாலும் மலையில் ஏறித் தப்புகிறவனை யார் பிடிப்பது? ஐந்தாம் பத்தியில் இதை அப்படியே எழுதுங்கள், பிறகு சோதியுங்கள். பிடிக்க முடியாது என்பது, ஜஸ்டின் குற்றமற்றவள் என்று சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் ஆகுமா? இரண்டும் தனித்தனிக் கேள்விகள். விக்டர் முதல் கேள்வியின் பதிலை இரண்டாவதற்கும் பயன்படுத்திக்கொள்கிறான். நாவல் முழுக்க அவன் செய்யும் வாதத் தந்திரம் இதுதான், ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு எல்லா இடத்திலும் தெரியும்.

எலிசபெத்தின் சாவு இன்னும் துல்லியமாக நிரப்பக்கூடிய வரி. திருமண இரவில் உன்னோடு இருப்பேன் என்று படைப்பு எச்சரிக்கிறது. அந்த மிரட்டல் தன் உயிருக்குத்தான் என்று விக்டர் எடுத்துக்கொள்கிறான். இது உண்மையான தவறான புரிதல், அதற்காக அவனைப் பழிக்க முடியாது. ஆனால் திருமணத்துக்கு முன் எலிசபெத்துக்கு எழுதும் கடிதத்தில், பயங்கரமான இரகசியம் ஒன்று உண்டு, திருமணத்துக்கு மறுநாள் சொல்கிறேன் என்கிறான். ஆபத்து வரும் நாள் முன்பே தெரியும். சொல்லும் நாளை அதற்கு அடுத்த நாளாக வைக்கிறான். ஏவியான் விடுதியில் கைத்துப்பாக்கியும் குத்துவாளுமாக அவன் தாழ்வாரங்களில் உலாவ, அவளைப் படுக்கப் போகச் சொல்லிவிடுகிறான். ஆயுதம் இவனிடம், தகவல் இவனிடம், சாவு அவளிடம்.

பலர் கவனிக்காமல் கடந்துபோகும் இடம் 22ஆம் அத்தியாயம். வில்லியம், ஜஸ்டின், கிளெர்வல் மூவரையும் நானே கொன்றேன் என்று தந்தையிடம் விக்டர் திரும்பத் திரும்பச் சொல்கிறான். தந்தை அதைப் பித்து என்று எண்ணுகிறார். விக்டர் குற்ற உணர்வைச் சொல்கிறான், நடந்ததைச் சொல்லவில்லை. எவரும் பயன்படுத்தக்கூடிய ஒரு தகவல்கூட அந்த அழுகையில் இல்லை. நடந்ததை முழுதாக ஒரு நீதிபதியிடம் சொல்வது எலிசபெத்தும் தந்தையும் இறந்த பிறகுதான். அட்டவணையில் 'யாரிடம் சொன்னார்' பத்தியை நிரப்பும்போது வருத்தம் தெரிவித்ததையும் தகவல் தெரிவித்ததையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

படைக்கப்பட்டவனுக்கும் ஒரு தாள்

11 முதல் 16 வரையிலான அத்தியாயங்கள் அவன் குரல். இங்கே வாசகர்கள் எதிர்ப் பக்கம் சாய்வார்கள்: கைவிடப்பட்டான், அடிபட்டான், ஆகவே அவன்மேல் பழி இல்லை. தாளை நிரப்பினால் அது நிற்காது.

தான் ஒளிந்திருந்து கவனித்த தெ லாசி குடும்பத்தின் உணவைத் திருடித் தின்றவன், அவர்களே பசியில் இருப்பதைப் பார்த்ததும் நிறுத்திவிடுகிறான். இரவில் அவர்களுக்கு விறகு வெட்டி வைக்கிறான். ஆற்றில் விழுந்த சிறுமியைக் காப்பாற்றித் துப்பாக்கிச் சூடு வாங்குகிறான். பிறர் துன்பத்தை உணரவும், உணர்ந்தபடி நடக்கவும் அவனால் முடியும் என்பதற்கு இவை சான்று. அந்தத் திறன்தான் பிறகு அவனைக் குற்றவாளியாகவும் ஆக்குகிறது. வில்லியமைக் கொன்றது சினத்தின் வேகத்தில். ஆனால் அதற்குப் பின், வில்லியமிடமிருந்து எடுத்த பதக்கப் படத்தை உறங்கும் ஜஸ்டினின் உடையில் வைக்கிறான்; மனிதரின் கொடிய சட்டங்களைத் தெரிந்துகொண்டதால் தீங்கு செய்யக் கற்றேன் என்று அவனே சொல்கிறான். ஆத்திரத்தில் செய்த செயலில்லை இது. நீதிமன்றம் எப்படி இயங்கும் என்று தெரிந்தவனின் செயல்.

இவ்வளவும் சேர்ந்த பின் ஜஸ்டினின் சாவை யார் கணக்கில் எழுதுவது? இருவர் கணக்கிலும் முழுதாக எழுதலாம் என்பதே எங்கள் கருத்து. பொறுப்பைப் பங்கு பிரித்து, ஒருவருக்கு அறுபது விழுக்காடு மற்றவருக்கு நாற்பது என்று எழுதும் பழக்கம் இங்கே உதவாது. படைப்பு பதக்கத்தை வைத்ததால் விக்டரின் மௌனம் இலேசாகிவிடாது. மதவிலக்கும் நரகமும் காத்திருக்கின்றன என்று மிரட்டி அவளிடம் பொய் வாக்குமூலம் வாங்கிய பாதிரியாரும், குற்றவாளி என்று கறுப்பு வாக்குகளைப் போட்ட நீதிபதிகளும்கூட வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்கு உண்மை தெரியாது; சந்தேகப்பட வாய்ப்பு இருந்தது.

1931ஆம் ஆண்டுத் திரைப்படத்தை மனதில் வைத்துக்கொண்டு படிப்பவர்கள் இந்தத் தாளில் சிக்குவார்கள். அந்தப் படத்தில் உதவியாளன் தவறுதலாகக் குற்றவாளி ஒருவனின் மூளையை எடுத்து வந்துவிடுகிறான், படைப்புக்குப் பேச்சும் கிடையாது. ஒரே மாற்றத்தில் பொறுப்பு எல்லாம் உடலுக்குள் போய்விடுகிறது. நாவலில் அவன் மில்டனைப் படித்தவன், வாதாடுகிறவன். குழு விவாதத்தில் யாராவது 'மூளை' என்று ஆரம்பித்தால், படமா நூலா என்று அங்கேயே பிரித்துவிடுங்கள்.

யார் வாயிலாகக் கேட்கிறோம்

படைப்பு விக்டரிடம் சொன்னது, விக்டர் வால்டனிடம் சொன்னது, வால்டன் தன் அக்காவுக்கு எழுதியது: நம் கைக்கு வருவது மூன்றாம் கை. இதை எல்லா வழிகாட்டிகளும் சொல்லும். அவை விட்டுவிடும் ஒரு விவரம்: வால்டன் எடுத்த குறிப்புகளை விக்டர் கேட்டு வாங்கி, பல இடங்களில் தானே திருத்திச் சேர்க்கிறான். குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணைப் பதிவைத் திருத்தியிருக்கிறார் என்று பொருள். அப்படியிருந்தும் படைப்பின் ஆறு அத்தியாய வாதம் இவ்வளவு வலிமையாக நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்றால் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பது நல்ல விவாதக் கேள்வி.

கடைசியில் விக்டர் தன் நடத்தையைத் திரும்பிப் பார்த்தேன், குறை காணவில்லை என்கிறான். அதே பேச்சில் இரண்டு கடமைகளைப் பிரிக்கிறான்: படைத்த உயிரின் நலத்துக்குத் தான் கடன்பட்டவன், தன் இனத்தாருக்கு அதைவிட மேலாகக் கடன்பட்டவன். அவன் தீர்ப்பை ஏற்க வேண்டாம், பிரிவினையை வைத்துக்கொள்ளுங்கள். படைப்புக்குச் செய்ய வேண்டியது ஒன்று, படைப்பால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்குச் செய்ய வேண்டியது இன்னொன்று. நவீன உதாரணங்களுக்குப் போகும்போது இந்தப் பிரிவு இல்லாமல் ஓர் அடிகூட வைக்க முடியாது.

ஜெக்கில்: வண்ணப் பென்சில் வேலை

மருந்து குடித்து ஹைட் என்ற இன்னொருவனாக மாறுபவர் மருத்துவர் ஜெக்கில். கடைசி அத்தியாயமான அவர் வாக்குமூலத்தை அச்செடுத்துக்கொண்டு, 'நான்' வரும் இடங்களை ஒரு நிறத்திலும், 'அவன்', 'ஹைட்', 'ஜெக்கில்' என்று படர்க்கையில் வரும் இடங்களை வேறு நிறத்திலும் குறியுங்கள். மொழிபெயர்ப்பில் செய்ய வேண்டாம். எழுவாயை விழுங்கிவிடும் நம் மொழியில் நிறங்கள் குழம்பும். குறித்து முடித்ததும் ஒரு போக்கு தெரியும்: திட்டமிடுவது 'நான்', இன்பம் காண்பதும் பெரும்பாலும் 'நான்', பழி வரும் இடத்தில் 'ஹைட்'. ஓரிடத்தில் அவரே நிறுத்தி, அவன் என்கிறேன், நான் என்று சொல்ல முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். வாக்குமூலத்தின் கடைசி வரியில் தன்னையே ஹென்றி ஜெக்கில் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்.

மருந்து நல்லதும் அல்ல தீயதும் அல்ல என்று அவரே சொல்லிவிடுவதால், 'அறிவியல் ஆபத்து' என்ற தலைப்பு இந்த நாவலுக்குச் சரிவராது. பார்க்க வேண்டியது ஏற்பாடுகளை: சோஹோவில் தனி வீடு, கேள்வி கேட்காத வீட்டுக்காரி, ஹைட் பெயரில் வேறொரு வங்கியில் கணக்கு, கையெழுத்தை இடப்பக்கம் சாய்த்து உருவாக்கிய ஒப்பம், காணாமல் போனால் மூன்று மாதத்தில் சொத்தெல்லாம் ஹைடுக்குப் போகும்படி உயில். அரக்கன் குடத்திலிருந்து கிளம்பிய பூதமில்லை. ஆவணங்களோடு பதிவு செய்யப்பட்ட ஒரு தப்பிக்கும் வழி. ஹைட் செய்த தீங்கை ஜெக்கில் சில வேளை சரிசெய்கிறார், அதனாலேயே அவர் மனசாட்சி உறங்கிவிட்டது என்றும் எழுதுகிறார். இழப்பீடு கொடுப்பது பொறுப்பேற்பதற்கு மாற்றாக ஆகிவிடும் இடம் அது.

சுற்றியுள்ள கனவான்களுக்கும் தாள் போடுங்கள். வழக்கறிஞர் அட்டர்சன், ஜெக்கில் ஒரு கொலைகாரனுக்காகக் கடிதம் புனைந்ததாக முடிவுக்கு வந்தும் அதைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுகிறார். ஜெக்கிலின் பழைய நண்பரான மருத்துவர் லேனியன் எல்லாம் கண்டபின் உறையில் முத்திரையிட்டு, ஜெக்கில் இறந்தாலோ மறைந்தாலோ மட்டும் திறக்கச் சொல்லிச் சாகிறார். எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் நண்பனின் பெயரைக் காக்கிறார்கள்.

டிராகுலாவில் தேட வேண்டியது

இரத்தம் குடிக்கும் டிராகுலா பிரபுவின் குற்றத்தைப் பற்றி ஐயமே இல்லாததால் பொறுப்புக் கேள்வி இங்கே எதிரணிக்கு நகர்கிறது. இரண்டு காட்சிகள் போதும். முதலாவது: டிராகுலாவுக்கு இரையாகும் லூசியின் தாயாருக்கு இதயம் பலவீனம் என்பதால் மருத்துவர்கள் எதையும் சொல்வதில்லை. காற்றோட்டம் வேண்டும் என்று அவர் பாசத்தோடு பூண்டுப் பூக்களை எடுத்துவிட்டு ஜன்னலைத் திறக்கிறார். இரண்டாவது: செப்டம்பர் 30 அன்று, இனி லூசியின் தோழி மினாவிடம் எதுவும் சொல்வதில்லை என்று டிராகுலாவைத் தேடும் ஆண்கள் முடிவெடுக்கிறார்கள். அவள் வெளுப்பதை நாட்குறிப்பில் களைப்பு என்று எழுதுகிறார்கள். டிராகுலா அவளையும் தாக்கிவிட்டான் என்ற உண்மை அக்டோபர் 3 அதிகாலையில் தெரிகிறது. நாவல் நாட்குறிப்புகளாலும் கடிதங்களாலும் ஆனதால் தேதிகளை நேரே அட்டவணையில் இறக்கலாம்.

பின்னர் டிராகுலா தன் மனத்தைப் படிக்கக்கூடும் என்று அறிந்து, திட்டங்களை என்னிடம் சொல்லாதீர்கள் என்று மினாவே கேட்டுக்கொள்கிறாள். அதே மௌனம், ஆனால் இப்போது அவள் சம்மதத்தோடு. இந்த இரு மௌனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாதிக் கட்டுரை தானாக எழும்.

இன்றைய உதாரணத்தைத் தேர்வது

பெரும்பாலும் கட்டுரை கெடுவது இங்கேதான். செயற்கை நுண்ணறிவு, மரபணு மாற்றம், அணுகுண்டு என்று மூன்று பெயரை வரிசையாக எழுதி, 'இவையும் ஃபிராங்கன்ஸ்டைனின் படைப்புகளே' என்று முடிப்பது ஒப்பீடு ஆகாது. பொருள் புதிதாக இருப்பதால் மட்டும் ஒன்று அரக்கக் கதை ஆகிவிடாது. ஒரே ஒரு உதாரணத்தை எடுத்து, அதே ஐந்து பத்திகளை நிரப்ப முடிகிறதா என்று பாருங்கள். தேதிகள் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

நிரப்பிப் பார்க்க ஒன்று. 2018 அக்டோபர் 29இல் இந்தோனேசியாவில் ஒரு போயிங் 737 மேக்ஸ் விமானம் விழுந்து 189 பேர் இறந்தார்கள். 2019 மார்ச் 10இல் எத்தியோப்பியாவில் அதே ரகம் விழுந்து 157 பேர். விமானத்தின் மூக்கைத் தானாகக் கீழே தள்ளும் மென்பொருள் ஒன்று, ஒரே உணரியின் தவறான அளவை நம்பி இரண்டிலும் இயங்கியிருந்தது. முதல் விபத்துக்கு முன் விமானிகளின் கையேட்டில் அந்த மென்பொருளுக்கு விளக்கம் இல்லை. 2018 டிசம்பரில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் உள்மதிப்பீடு ஒன்று, திருத்தாவிட்டால் அந்த ரகத்தின் ஆயுளில் 15க்கும் மேற்பட்ட விபத்துகள் நேரலாம் என்று கணித்தது. விமானங்கள் பறந்துகொண்டிருந்தன.

இதில் அரக்கன் யாரும் இல்லை, ஆனால் அட்டவணை நிரம்புகிறது. இரண்டு விபத்துகளுக்கும் நடுவே 132 நாள். வில்லியமுக்கும் எலிசபெத்துக்கும் நடுவே உள்ள காலத்தைப் போலவே இந்த இடைவெளியில் யாருக்கு என்ன தெரியும் என்பதே கேள்வி. ஒப்பீடு எங்கே உடைகிறது என்பதையும் எழுத வேண்டும். விக்டர் தனி ஆள். இங்கே அறிவு பல துறைகளிலும் ஒரு கண்காணிப்பு அமைப்பிலும் சிதறிக் கிடந்தது. சொன்னால் நம்பமாட்டார்கள் என்பது விக்டரின் சாக்கு. இங்கே, பழைய நடைமுறையை வைத்தே விமானிகள் சமாளித்துவிடுவார்கள் என்ற அனுமானம். ஆகவே இது விக்டரைவிட லூசியின் தாயாருக்குச் சொல்லாத மருத்துவர்களுக்கே நெருக்கம்.

படைப்பின் உரிமையைப் பற்றி எழுத விரும்பினால் உதாரணம் மாற வேண்டும். 2016 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட டே என்ற உரையாடல் நிரல், பயனர்கள் ஊட்டிய வெறுப்புப் பேச்சைத் திருப்பிப் பேசத் தொடங்கியதால் ஒரு நாளுக்குள் நிறுத்தப்பட்டது. கற்ற இடத்திலிருந்து கெட்டது என்ற அளவில் மட்டுமே அது பொருந்தும். மேரி ஷெல்லியின் படைப்புக்கு வலி உண்டு, தனிமை உண்டு. அவன் கோரிக்கை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. நிரலுக்கு அப்படி ஒன்று இருப்பதாக எழுதினால் வாதம் நொண்டும். இந்த இடத்துக்கு உண்மையில் பொருந்துவது 2018 நவம்பரில் சீன விஞ்ஞானி ஹி ஜியான்குய் அறிவித்த மரபணு திருத்தப்பட்ட இரட்டைக் குழந்தைகள். சட்டவிரோத மருத்துவத் தொழில் என்ற குற்றத்துக்கு 2019 டிசம்பரில் அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. நீதிமன்றம் பார்த்தது செயலை. இனி வாழப்போகும் குழந்தைகளின் நலத்துக்கு வாழ்நாள் முழுக்க யார் கடன்பட்டவர் என்பது நாவல் கேட்கும் கேள்வி. அந்தக் குழந்தைகளை அரக்கன் என்ற சொல்லுக்குப் பக்கத்தில்கூட வைத்து எழுதிவிடக் கூடாது. ஒப்பீடு படைத்தவர் பக்கத்தோடு நிற்கட்டும்.

மூன்றாவது உதாரணம் ஜெக்கிலுக்கு. 2017 பிப்ரவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றம் ரோபோக்கள் பற்றிய தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. அதன் தொடக்கமே ஃபிராங்கன்ஸ்டைனின் படைப்பைப் பெயர் சொல்லி அழைக்கிறது. நீண்ட காலத்தில், மிக மேம்பட்ட தன்னியக்க ரோபோக்களுக்கு 'மின்னணு நபர்' என்ற சட்ட நிலை தந்து, அவை விளைவிக்கும் சேதத்துக்கு அவையே ஈடு செய்யும்படி ஆக்கலாமா என்று ஆராயவும் சொன்னது. எதிர்த்த வல்லுநர்களின் கவலை, உற்பத்தியாளர் கழன்றுகொள்வார் என்பது. தீர்மானம் மேரி ஷெல்லியை அழைக்கிறது. படிக்க வேண்டியது ஹைட் பெயரில் திறந்த வங்கிக் கணக்கை.

எழுதும்போது

1,500 சொல் கட்டுரை என்றால் ஒரே சாவு, ஒரே தாள், ஒரே நவீன உதாரணம். அந்தச் சாவுக்கு முந்தைய தகவல் ஓட்டத்துக்கு 700 சொற்கள் கொடுங்கள். சாக்குகளைச் சோதிக்க 300. உதாரணத்துக்கு 350, அதில் மூன்றில் ஒரு பங்கு ஒப்பீடு உடையும் இடத்துக்கு. மீதி முன்னுரைக்கும் முடிவுக்கும். ஜெனீவா ஏரிக்கரையில் 1816ஆம் ஆண்டுக் கோடையில் நாவல் உருவான கதையை முன்னுரையில் சொல்ல ஆசை வரும்; உங்கள் கேள்விக்கு அது உதவாவிட்டால் ஒரு வரிக்கு மேல் வேண்டாம்.

படைத்ததே குற்றமா, கைவிட்டது குற்றமா என்ற பழைய விவாதத்தில் கைவிட்டதே குற்றம் என்ற பக்கத்தை எடுப்பவர்கள், அது தங்கள் கண்டுபிடிப்பு போல எழுத வேண்டாம். பிரெஞ்சுச் சிந்தனையாளர் புரூனோ லத்தூர் முன்பே அதை அழுத்தமாக வாதிட்டிருக்கிறார். நீங்கள் சேர்க்கக்கூடியது, கைவிட்ட பின்னும் எத்தனை முறை சொல்ல வாய்ப்பு வந்தது என்ற எண்ணிக்கை.

வரைவு முடிந்ததும் ஒரு பரிசோதனை. கட்டுரையில் 'அரக்கன்', 'கடவுளாக விளையாடுவது', 'அறிவியலின் எல்லை' ஆகிய மூன்றையும் தேடி அடித்துவிட்டு மறுபடி படியுங்கள். வாதம் அப்படியே நின்றால் அனுப்பிவிடலாம். சரிந்தால் தாளில் ஐந்தாம் பத்தி காலியாக இருக்கும். அங்கிருந்து மீண்டும் தொடங்குங்கள்.